மூக்குக் கண்ணாடியும் முத்துலட்சுமி அம்மையாரும்

பேராக்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நம்ம கிளை இளைஞர்கள் சனிக்கிழமை தோறும் இலவச டியூஷன் நடத்துகிறோம். யூனி லீவில் வீட்டுக்கு வரும்போது நான் கணிதம் சொல்லிக்கொடுப்பேன். போன வருஷம் மூன்றாம் ஆண்டில் ஒரு பையன். வெண்பலகையில் 8 எழுதினால் 3 என்று வாசிப்பான். முதலில் குறும்பு பண்ணுகிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவனுக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை. மற்ற பிள்ளைகளையும் கேட்டுப் பார்த்தால் மொத்தம் ஆறு பேர். தீபாவளிக்கு முறுக்கு விற்று வைத்திருந்த பணத்தில் ஆறு பேருக்கும் கண்ணாடி வாங்கிக்கொடுத்தோம். படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம், லைக்கும் நிறைய வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

இந்த வருஷம் அதே பள்ளியில் இன்னும் ஐந்து பேர்.

கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, எங்களுக்கு ஆலோசகராக இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். அடுத்த வருஷம் எத்தனை கிலோ முறுக்கு போடப் போறீங்க என்று. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யார் என்று தெரியுமா என்று கேட்டார். இடைநிலைப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் அந்த அம்மையாரைப் பற்றி நான் இரண்டு நிமிஷம் பேசி மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறேன், அதனால் தெரியும் என்று தைரியமாகச் சொன்னேன். முதல் பெண் மருத்துவர், அவ்வை இல்லம், புற்றுநோய் மருத்துவமனை என்று மனப்பாடத்தை ஒப்பித்தேன். அவர் சட்டசபையில் என்ன கேட்டார் என்று ஐயா கேட்டதும் வாயடைத்துப் போனேன். போய் ஒழுங்காகப் படி என்றார். படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் மரபில் வந்த இசைக் குடும்பத்தவர். அந்தக் காலத்தில் இந்த இரண்டு பேரின் மகள் என்றாலே ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயதுக்கு வந்த பெண்ணை வெளியே அனுப்பும் வழக்கமில்லை என்பதால் கொஞ்ச காலம் வீட்டிலேயே அப்பாவிடம் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்தது கல்லூரி. அங்கேதான் சிக்கல். மகாராஜா கல்லூரி ஆண்கள் படிக்கிற இடம். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. அதுவும் இன்ன தாய்க்குப் பிறந்த பெண் என்று சேர்த்துச் சொன்னார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு இடமும் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார்.

இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகப் படித்தேன். பேச்சுப் போட்டியில் இதை அவருடைய விடாமுயற்சி என்று முழங்கியிருந்தேன். விடாமுயற்சி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தது ஒரு உத்தரவு. மன்னர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த விடாமுயற்சி புதுக்கோட்டையில் ஒரு வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 21 வயது. இப்போது என் வயதும் அதுதான், அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் சுருக்கென்றது. ஒரு சின்னத் திருத்தமும் இங்கே சொல்லிவிடுகிறேன், என் பழைய பேச்சிலும் இந்தத் தப்பு இருந்தது. அந்தக் கல்லூரியில் படித்த முதல் பெண் அவர் இல்லை. 1875லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்ணும் வேறு சிலரும் அங்கே படிக்கச் சேர்ந்திருக்கிறார்கள். முத்துலட்சுமி 1912இல் பரிசுகளும் பதக்கங்களுமாகப் பட்டம் பெற்று வெளியே வந்தார். இந்தியப் பெண்களில் அப்படிப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக வேலை பார்த்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே வரக்கூடாது என்று முன்கூட்டியே பேசி, ஒப்புக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். ரெட்டியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் டாக்டர் வேலை. இந்தப் பகுதியைப் பெரும்பாலும் எல்லாரும் ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்த வருஷங்கள் இவை. பிள்ளை பிறக்கும் வயது வருவதற்கு முன்னாலேயே பிரசவத்துக்கு வந்த சிறுமிகள், சத்து இல்லாத பிள்ளைகள், கவனிக்க ஆள் இல்லாமல் முற்றிப்போன நோய்கள். மருந்து கொடுத்து அனுப்பினால் அதே நோயோடு அடுத்தவர் வருவார். பன்னிரண்டு வயதில் கல்யாணம் செய்துவைப்பதற்கு எந்த மாத்திரையும் கிடையாது. எங்கள் துறையில் சொல்வதென்றால், குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறது, நாம் கீழே வாளி மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் தொடங்கியது. முத்துலட்சுமியும் அதில் சேர்ந்து உழைத்தார். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று இவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். 1921இல் சென்னை மாகாணம் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1926இல் பெண்கள் சட்டசபை உறுப்பினர் ஆகலாம் என்ற கதவும் திறந்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பிறகு அரசாங்கமே ஒரு பெண்ணை நியமிக்கலாம் என்று வந்தபோது மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொன்னது.

அவருக்குத் தயக்கம். மருத்துவத் தொழில் கெட்டுப்போகும், நோயாளிகளை யார் பார்ப்பது என்ற கவலை. ஆனாலும் ஒப்புக்கொண்டார். உள்ளே போன உடனே சபையின் துணைத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் அவர்தான். சபை முழுக்க ஆண்கள், நடுவே ஒருவர் மட்டும் பெண்.

இனி ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் சபையில் கேட்ட விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒழுங்காக மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்பது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றும் கேட்டார். பெண் கல்விக்குக் கூடுதல் பணம், கூடுதல் ஆசிரியைகள், பொது இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை, இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பால்ய விவாகத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்தார். நாடு முழுக்கக் கிளம்பிய அந்தக் கோரிக்கைதான் பிறகு 1929இல் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று சாரதா சட்டமாக வந்தது. கழிப்பறையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். அவ்வளவு பெரிய சபையில் எழுந்து நின்று, அத்தனை ஆண்களுக்கு முன்னால், அந்தக் காலத்தில் அதைப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1928இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய ஹார்ட்டாக் குழு அமைக்கப்பட்டபோது அவரும் அதில் ஒரு உறுப்பினர். அந்தக் குழு 1929இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 1922-23இல் முதல் வகுப்பில் 100 பேர் இருந்தால், மூன்று வருஷம் கழித்து நாலாம் வகுப்பில் ஏறக்குறைய 18 பேர்தான். மீதி 82 பேர் எங்கே போனார்கள்? இத்தனை பேர் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள் என்று அதுவரை எல்லாரும் பெருமையாகக் கணக்குச் சொன்னார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று அந்த அறிக்கை எண்ணிக் காட்டியது.

இதைப் படித்ததும் எங்கள் பள்ளிக் கதை ஞாபகம் வந்தது. நம்ம நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை இல்லாமலில்லை. அரசாங்க சுகாதாரக் குழு பள்ளிக்கே வருகிறது, பார்க்கிறது, பெற்றோருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறது. கடிதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் கிளினிக் வரைக்கும் போனார்கள்? அதை யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

இப்போது கஷ்டமான பகுதி. நம்ம மாதிரி சமய இயக்கத்து இளைஞர்கள் இதைத் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன். சின்னப் பெண் பிள்ளைகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927 நவம்பரில் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய காங்கிரஸ்காரர்களே எதிர்த்தார்கள். சமயத்தில் கைவைக்கக்கூடாது, கலை அழிந்துவிடும் என்றார்கள். முத்துலட்சுமி சமயத்துக்கு விரோதி இல்லை. சிறுமியின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் முடிவு செய்வதைத் தெய்வத்தின் பெயரால் நியாயப்படுத்தாதீர்கள் என்பதுதான் அவர் வாதம். தன் தாய் எந்த மரபில் வந்தவர் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்போது இதைப் பேசினார்.

ஆனால் எதிர்த்தவர்களில் அந்தப் பெண்களும் இருந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர், அவரும் மற்ற தேவதாசிகளும் அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். எங்கள் எல்லாரையும் ஒரே பெயரில் கேவலப்படுத்தாதீர்கள், எங்களுக்குக் கல்வி இருந்தது, சொத்துரிமை இருந்தது, கலை இருந்தது என்று சொன்னார்கள். இன்றைக்குப் பரதநாட்டியம் என்று நம்ம பிள்ளைகள் மேடையில் ஆடுவது அவர்கள் காப்பாற்றி வைத்திருந்த சொத்து. சட்டத்தோடு சேர்ந்து அவர்கள் மேல் விழுந்த பழியில் நிறையக் கலைஞர்கள் மேடையை இழந்தார்கள். முத்துலட்சுமி கேட்ட சட்டம் சரி என்றுதான் நான் நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் விஷயத்தில் வேறு பேச்சே கிடையாது. ஆனால் நாகரத்தினம்மாளின் மனுவில் இருந்த நியாயத்துக்கு அவர் போதுமான அளவு காது கொடுத்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரைப் பற்றிய என் பேச்சுப் போட்டி உரையில் இதெல்லாம் வரவே இல்லை.

சட்டம் ஒரே நாளில் வரவில்லை. 1929இல் முதல் படி. பொட்டுக்கட்டிய பெண்களுக்குக் கோயில் சேவைக்காகக் கொடுத்திருந்த மானிய நிலத்தை, சேவை செய்யாமலேயே அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத் திருத்தம். இதை நான் ரசித்துப் படித்தேன். வழக்கத்தை விடு என்று சொன்னால் போதாது, விட்டால் சோற்றுக்கு என்ன வழி என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார். அடுத்து பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா. அது பாதியில் இருக்கும்போதே 1930இல் காந்தி கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். மசோதா அப்படியே நின்றது. வெளியில் இருந்துகொண்டே எழுதினார், பேசினார், மனு போட்டார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். சட்டம் நிறைவேறியது 1947இல். முதல் தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருபது வருஷம்.

அந்த இருபது வருஷத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1930இல், அந்த மரபிலிருந்து வெளியேறிய சில பெண்கள் படிக்க இடம் தேடியபோது விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லம். பிறகு அடையாறில் பள்ளியோடு வளர்ந்து இன்றைக்கும் நடக்கிறது.

புற்றுநோய் மருத்துவமனைக் கதையும் இதே மாதிரி நீளம்தான். 1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அக்கா டாக்டர், ஆனால் ஊரில் அந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. 1925இல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது அங்கே புற்றுநோய் சிகிச்சையைக் கவனித்துவிட்டு வந்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் நம்ம ஊருக்கும் ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். அரசாங்கம் ஆர்வம் காட்டவில்லை. செத்துப்போகிற நோய்க்கு எதற்குப் பணம் என்பதுதான் பலருடைய மனநிலை. இந்திய மாதர் சங்கம் வழியாக நிதி திரட்டினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் கூட நின்றார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. தென்னிந்தியாவில் அதுதான் முதல் புற்றுநோய் மருத்துவமனை. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த இளம் டாக்டர்தான் வி. சாந்தா. வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார். 1956இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22ஆம் தேதி, 82 வயது ஆவதற்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

இதையெல்லாம் படித்துவிட்டு ரொம்ப உற்சாகமாகி, அன்று ராத்திரியே தொகுதி ஒய்.பி.க்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதிவிட்டேன். பெற்றோர்கள் பிள்ளைகளின் கண்ணைக் கவனிப்பதில்லை, அதனால் விழிப்புணர்வு முகாம் வேண்டும் என்று மலாயில் அழகாக எழுதியிருந்தேன். ஐயாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, எத்தனை பெற்றோரிடம் பேசினாய் என்று மட்டும் கேட்டார். ஒருவரிடமும் பேசவில்லை. நாகரத்தினம்மாளைப் பற்றி எனக்கே தீர்ப்புச் சொல்லத் தெரிந்தது, ஆனால் அதே தப்பைத்தான் நானும் செய்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் நானும் இரண்டு நண்பர்களும் வீடு வீடாகப் போனோம். 8ஐ 3 என்று வாசித்த பையனின் அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சுகாதாரக் குழு கொடுத்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். கவனிக்காமல் இல்லை. கிளினிக் 30 கிலோமீட்டர் தள்ளி, வார நாளில் மட்டும்தான் பார்ப்பார்கள், ஒரு நாள் லீவ் எடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், பஸ் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று. இரண்டு தடவை போனாராம். ஒரு தடவை நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தம்பி, நீங்க கண்ணாடி வாங்கிக் கொடுத்தது நல்லதுதான், ஆனா அவனுக்குப் பவர் மாறுமே, அப்போ என்ன பண்றது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். புதுக் கடிதம் ஒரே பக்கம்தான். கடிதம் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், கிளினிக் போனவர்கள் எத்தனை பேர், போகாததற்கு அவரவர் சொன்ன காரணம் என்ன என்று ஒரு அட்டவணை. கண் மருத்துவப் பிரிவு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமையில் பள்ளிக்கே வர முடியுமா என்று ஒரே ஒரு கோரிக்கை. கீழே 14 பெற்றோர் கையெழுத்து. சுகாதார அலுவலகத்துக்கும், கல்வி அலுவலகத்துக்கும், ஒய்.பி. சேவை மையத்துக்கும் தனித்தனியாக அனுப்பினோம்.

இரண்டு மாதம் பதில் இல்லை. போன் செய்தால் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மூன்றாம் மாதம் ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. ஒரு பள்ளிக்காகத் தனி ஏற்பாடு செய்ய முடியாது, வட்டாரத்தில் மற்றப் பள்ளிகளிலும் இதே நிலைமையா என்று விவரம் இருந்தால் கொடுங்கள் என்று இருந்தது. என் நண்பன் இது தட்டிக்கழிக்கிற பதில் என்றான். ஐயா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்டிருக்காங்க இல்ல, பதில் சொல்லு என்றார்.

எங்கள் வட்டாரத்தில் இன்னும் நான்கு தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒன்றை முடித்துவிட்டோம். அங்கே கடிதம் வாங்கியவர்கள் ஒன்பது பேர், கிளினிக் போனவர்கள் இரண்டு பேர். மற்ற மூன்று பள்ளிகளுக்கும் அடுத்த மாதம் யூனி லீவில் போகிறோம். பெற்றோரிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள், மலாயில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருந்தால் கிளையில் பெயர் கொடுங்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் இன்னும் நல்லது. பஸ் காலையில் ஒன்றுதான்.